அப்பாவின் நெஞ்சில் ஒன்றரைக் கிலோ

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் உங்கள் பயிற்சியின் கடைசி நாளில் என்னையும் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். சால்வை போட்டார்கள், பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எதிரே நீங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தீர்கள், மடியில் லேப்டாப், கழுத்தில் புது அடையாள அட்டை. உங்கள் முகத்தில் இருந்த தெம்பைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. "நல்லா பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மேடையில் சொல்ல வராததை எழுதியாவது பார்ப்போம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். முட்டி வலியும் கூடவே உட்கார்ந்திருக்கிறது.

நான் நர்ஸாகத் தொடங்கியவள். பாதி வாழ்க்கை பிரசவ வார்டில் போனது. மீதி இந்த வேலையில் போனது. ஆராய்ச்சியில் நிரூபணமான ஒன்றை ஊர் ஆஸ்பத்திரிகளில் தினசரி வழக்கமாக்க வேண்டும், அதுதான் வேலை. அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு, உங்கள் அட்டையிலும் இருக்கும். என் மகனிடம் யாராவது கேட்டால், "எங்கம்மா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போய் சொல்லிட்டு வரும்" என்பான். அவ்வளவுதான். வேலூரில் பஸ் ஏறுவேன், ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ இறங்குவேன், சொல்வேன், திரும்புவேன். அடுத்த மாதம் போனால், சொன்னது சொன்ன இடத்திலேயே கிடக்கும்.

கடைசி வருடங்களில் நான் சொல்லித் திரிந்தது கங்காரு பராமரிப்பு. எடை குறைந்து பிறந்த குழந்தையை வெறும் நெஞ்சோடு நெஞ்சாக, தோல் மேல் தோல் படும்படி அணைத்து வைத்திருப்பது. இது பழைய சங்கதிதான். முன்பெல்லாம் குழந்தையை முதலில் வார்மர் என்ற சூடேற்றும் மேடையில் வைத்துத் தேற்றிவிட்டு, பிறகுதான் தாயிடம் கொடுப்போம். அப்படிக் காத்திருக்க வேண்டாம், பிறந்த உடனேயே நெஞ்சில் போடுங்கள், அதில்தான் அதிகக் குழந்தைகள் பிழைக்கின்றன என்று புதிய ஆய்வுகள் சொல்லின. செலவில்லை, கரண்ட் வேண்டாம், மிஷின் வேண்டாம். இவ்வளவு சுலபமான விஷயத்தைச் செய்ய வைக்க என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

பயிற்சி வைப்போம். டீ, சமோசா, பேனர், குரூப் போட்டோ. எல்லாரும் தலையாட்டுவார்கள். சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுப்போம். அடுத்த முறை போனால் நாற்காலியில் பழைய கேஸ் ஷீட் கட்டு உட்கார்ந்திருக்கும், குழந்தை வார்மரில் இருக்கும், தாய் கட்டிலில் இருப்பாள். நான் வாசலில் நுழைவதைப் பார்த்ததும் யாராவது ஓடிப்போய்க் குழந்தையை எடுத்துத் தாயின் நெஞ்சில் வைப்பார்கள். எனக்குக் கங்காரு அக்கா என்று பெயர். "கங்காரு அக்கா வர்றாங்க, சீக்கிரம் எடுத்து வைங்கடி" என்று உள்ளே குரல் கேட்கும். ஒரு நாள் நான் வாசலிலேயே நின்று சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது.

அவர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு நர்ஸ், முப்பது தாய், முப்பது குழந்தை, சிசேரியன் தையல், ரத்தம், ஓயாத போன். நான் அந்த இடத்தில் நின்றவள். அந்த வேலைக்கு நடுவே வெளியிலிருந்து ஒருத்தி வந்து, நெஞ்சில் வை, தொப்பி போடு, சூடு பார் என்றால் எனக்கும் எரிச்சல்தான் வரும். சில நாள் திரும்பும் பஸ்ஸில் எனக்கே என் வேலை மேல் எரிச்சல் வரும்.

நான் சொல்லப் போவது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் நடந்தது. ஊர் பெயர் வேண்டாம். அங்கே பிரசவ வார்டுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டரை இன்சார்ஜ் என்றே சொல்கிறேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். நான் போகும்போது ஓடிப்போய்க் குழந்தையை எடுத்து வைக்காத ஒரே ஆள் அவர்தான். "இன்னிக்குச் செய்யலக்கா, ஆள் இல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அந்த வார்டில் ஆண்களுக்கு அனுமதி கிடையாது. பார்வை நேரத்தில்கூட வாசல் வரைதான். கூட இருப்பவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். எல்லாப் பிரசவ வார்டிலும் இதுதான் வழக்கம், ஆனால் இங்கே கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. முன்பு ஒரு தடவை பார்க்க வந்த ஆள் ஒருவன் போனில் வீடியோ எடுத்து, பெரிய ரகளையாகி, அப்போது டூட்டியில் இருந்த நர்ஸுக்கு மெமோ வந்தது. அந்த நர்ஸ் இதே இன்சார்ஜ்தான். அதற்குப் பிறகு கதவில் கொட்டை எழுத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள், செக்யூரிட்டி போட்டார்கள்.

ஒரு நாள் காலை நான் போய் இறங்கும்போது இன்சார்ஜ் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்கக்கா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

முந்தின நாள் கௌரி என்ற பெண்ணுக்குக் குறைமாதத்தில் பிரசவமாகியிருந்தது. பேரணாம்பட்டுப் பக்கம். பிரசவமானதும் வலிப்பு வந்து, ரத்த அழுத்தம் ஏறி, 108-ல் வேலூருக்கு அனுப்பியிருந்தார்கள். குழந்தை மட்டும் இங்கே இருந்தது. ஆண் குழந்தை, ஒன்றரைக் கிலோ, தானாக மூச்சு விடுகிறான். பெரிய ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைப் பிரிவில் இடம் காலியானதும் கூப்பிடுகிறோம், அதுவரை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இங்கே வார்மர் இரண்டு. ஒன்று பழுது. இன்னொன்றில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் படுத்திருந்தன. இவனைத் துணியில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் வைத்திருந்தார்கள். காலைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பாதம் நீலம் பாரித்திருந்தது.

"நெஞ்சுல போடணும், இப்பவே" என்றேன்.

"யாரு நெஞ்சுல போடறது? அம்மா வேலூர்ல. கூட லேடீஸ் யாரும் இல்ல. லவ் மேரேஜ், ரெண்டு வீட்டுலயும் எட்டிப் பாக்கல. நான் போட்டுக்கிட்டா வார்டை யாரு பாக்கறது?"

"அப்பா?"

இன்சார்ஜ் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தார்.

எங்கள் பயிற்சியில் தாய் இல்லாவிட்டால் குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் அணைக்கலாம் என்று ஒரு வரி உண்டு. வருடக்கணக்காக அந்த வரியைப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்தக் குடும்பத்தில் இருக்கும் ஒரே ஆள் ஆணாக இருந்து, கதவுக்கு வெளியே நின்றால் என்ன செய்வது என்று நானும் யோசித்ததில்லை, கேட்டுக்கொண்டிருந்த யாரும் கேட்டதில்லை. போஸ்டரில் எல்லாம் அழகான அம்மாக்கள்தான்.

அப்பன் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். பெயர் சேகர். ஒல்லியான உடம்பு, முப்பது வயதுகூட இருக்காது. மனைவியோடு வேலூருக்குப் போவதா, குழந்தையோடு இருப்பதா என்று தெரியாமல், 108 கிளம்பும்போது நின்றுபோனவன் அப்படியே நின்றிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். பாதி கேட்டதுமே இரண்டடி பின்னால் போய்விட்டான்.

"வாணாம் மேடம். நான் வாணாம்."

"ஏம்ப்பா?"

"நான் டேனரில கீறேன் மேடம். தோல ஊறப் போடற சுண்ணாம்புத் தொட்டி. என் மேல வாடை கீது. எவ்ளோ குளிச்சாலும் போவாது. கௌரியே சொல்லும். பச்ச கொழந்த மேடம், அதுக்கு எதுனா ஆய்டும்."

கையை நீட்டிக் காட்டினான். விரல் நுனியெல்லாம் வெடித்து, நகம் பழுத்துப் போயிருந்தது. கெண்டைக்காலில் சுண்ணாம்பு தின்ற புண் இருந்தது. மட்டமான வேலையைச் செய்கிறோம் என்ற கூச்சம் அவன் பேச்சில் இருந்தது, ஆனால் கூச்சத்தால் மட்டும் பின்வாங்கவில்லை. அந்தத் தொட்டியில் என்னென்ன மருந்து விழுகிறது, அது தன் தோலை என்ன செய்திருக்கிறது என்று அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அதைக் கேட்டதும் எனக்கும் பயம் வந்தது. பையில் இருந்த ஆய்வுத் தாள்களில் ஒன்றில்கூட இப்படி ஒரு அப்பன் கிடையாது.

வேலூரில் எனக்குப் பழக்கமான குழந்தை டாக்டர் ஒருவருக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார். "அந்த மாதிரி ஆளை எந்த ஆய்விலயும் சேர்த்திருக்க மாட்டாங்க சிஸ்டர். எனக்குத் தெரிஞ்சு இல்ல. நெஞ்சுல புண்ணு இருக்கா பாருங்க. கடைசியா தொட்டில எப்ப இறங்கினான்னு கேளுங்க. குழந்தை சில்லிட்டுப் போறது நிச்சயமான ஆபத்து. மத்தது நமக்குத் தெரியாது. பக்கத்துல நிக்கறது நீங்கதான்" என்றார். அவர் நழுவவில்லை. பக்கத்தில் நிற்பவள் நான்தான் என்பது உண்மை.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். நெஞ்சில், வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. தொட்டியில் ஏப்ரன் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்களாம். மனைவிக்கு முடியாமல் போனதிலிருந்து நாலு நாளாக வேலைக்கே போகவில்லை. கையில் கிளவுஸ் போட்டுக்கொள்ளட்டும், காலில் புண்ணுக்குக் கட்டுப் போடுவோம், நெஞ்சு மட்டும் குழந்தைக்கு என்று முடிவு செய்தேன். டூட்டி டாக்டரிடம் சொன்னேன், சரி என்றார். சேகரைச் சமாதானப்படுத்தத்தான் நேரமானது. கடைசியில் குழந்தையைக் கதவருகே கொண்டுவந்து, பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கதவிடுக்கில் கையை நீட்டித் தொட்டான். அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனான். சோப்பு முழுசும் கரையும் வரை குளித்தான். நெஞ்சு சிவந்துபோய் வந்து நின்றான். வாடை இன்னும் லேசாக இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

உட்கார வைக்க இடம் வேண்டும். வார்டுக்குள் முடியாது. இன்சார்ஜ் சாவிக் கொத்தைத் தேடி எடுத்தார். பிறகு நர்ஸுகள் உடை மாற்றும் அறையைத் திறந்துவிட்டார். "எதுனா ஆச்சுன்னா என் பேருதான்க்கா வரும். உங்க பேரு வராது" என்றார். உண்மைதானே.

குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், டயப்பர். அவ்வளவுதான். நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, மூக்கு மூடாமல் பார்த்து, துணியால் கட்டினேன். சேகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மூச்சு விடுப்பா" என்று சொல்ல வேண்டியிருந்தது. குழந்தையிடம் எதுவும் பேசவில்லை. பேசினால் நெஞ்சு ஆடும், குழந்தை பயந்துவிடும் என்று நினைத்தானாம். சிறிது நேரம் கழித்துப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். நீலம் குறைந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சூடு வந்துவிட்டது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனாலும் அன்று எனக்குக் கண் கலங்கியது, திரும்பிக்கொண்டேன்.

அன்று அப்படியே போனது. மறுநாளும் நான் போனேன். திட்ட அட்டவணையில் அன்று எனக்கு வேறு ஊர். மேலிடத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போனால், கண்காணிப்பாளர் டாக்டர் வார்டு வாசலில் நிற்கிறார். நர்ஸுகள் யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. உடை மாற்ற இருந்த ஒரே அறையில் சட்டை இல்லாத ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவர்கள் கழிப்பறையில் போய்ப் புடவை மாற்றுகிறார்கள்.

"ரூமைக் காலி பண்ணுங்க. இது இன்னா பழக்கம்?" என்றார் கண்காணிப்பாளர்.

நான் பையிலிருந்து தாள்களை எடுத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவர் தாளை வாங்கக்கூட இல்லை.

"மேடம், ஆய்வெல்லாம் கரெக்ட்டுதான். நானும் படிக்கிறவன்தான். நாளைக்கு ஒரு புருஷன்காரன் வந்து என் பொண்டாட்டி இருக்கற எடத்துல எவனோ இருக்கான்னு கத்தினா, அந்தப் பேப்பரா வந்து பதில் சொல்லும்? குழந்தைய வார்மர்ல மூணாவதா வைங்க. ஆளை வெளிய அனுப்புங்க."

மூன்றாவதாக வைத்தால் ஒன்றுக்குக் கிருமி வந்தால் மூன்றுக்கும் வரும். அதைச் சொன்னேன். அவருக்கும் தெரியும். அவர் முகத்திலும் தூக்கமில்லை. அவரும் பாவம், அங்கே இருந்தவர்களில் யார்தான் பாவமில்லை. இந்த இடத்தில் எனக்கு வாதாடத் தெம்பு போய்விட்டது. எடுத்துவிட வேண்டியதுதான் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டே விட்டேன்.

இன்சார்ஜ்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "சார், ரூமைக் காலி பண்ணிடறேன். வார்டுல ஒரு மூலைல உக்கார வைக்கலாமான்னு, யாருக்காக இந்த ரூல் போட்டோமோ அவங்களையே கேட்டுடலாம். அவங்க வாணாம்னா நானே வெளிய அனுப்பிடறேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் வார்டுக்குள் போய் நடுவில் நின்றார். கண்காணிப்பாளரும் நானும் பின்னாலேயே போனோம். கட்டில்களில் தாய்மார்கள். சிலர் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

"அம்மா, எல்லாரும் கேளுங்க. ஒரு குழந்தைக்கு அம்மா வேலூர்ல சீரியஸா இருக்குது. அப்பன் நெஞ்சுல வச்சிருந்தாத்தான் சூடு இருக்குது. அந்த ஆள் இந்த வார்டுல ஒரு மூலைல உக்காரணும். இங்க நீங்க இருக்கீங்க. உங்களுக்குச் சம்மதம்னாத்தான். வாணாம்னா தைரியமா சொல்லுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க."

முதலில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெண் பேசினாள். ஷூ கம்பெனியில் தைப்பவள், முதல் பிரசவம்.

"பாவமாத்தான் இருக்குது சிஸ்டர். ஆனா எனக்குக் கூச்சமா இருக்கு. தையல் வேற வலிக்குது, காலை நீட்டிப் படுக்கணும். ஒரு ஆம்பள இருந்தா எப்படி?"

அவள் சொன்னது முழுக்க நியாயம். கண்காணிப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்சார்ஜ் தலையாட்டி, "சரிம்மா, சொன்னது நல்லது" என்று வாசல் பக்கம் திரும்பினார்.

அப்போது எதிர்க்கட்டிலில் தங்கைக்குத் துணையாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். குடியாத்தத்துக்காரி, வீட்டில் தறி ஓடுகிறதாம். "கூச்சம்தானே சிஸ்டர், மறைச்சு கட்டிட்டா?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்த பையை இழுத்தாள். குழந்தைக்கு விரிக்க என்று வீட்டிலிருந்து லுங்கித் துணி கொண்டுவந்திருந்தாள். மூட்டாத புதுத் துணி, கஞ்சி மொடமொடப்பு போகாதது. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள், இன்னொரு முனையைக் குளுக்கோஸ் ஸ்டாண்டில் கட்டினாள். போதவில்லை. ஷூ கம்பெனிப் பெண் தன் தலைமாட்டில் இருந்த புடவையை எடுத்து நீட்டினாள். "இத்தையும் சேத்துக் கட்டுக்கா. எனக்கு அந்தப் பக்கம் தெரியாம இருந்தா போதும்" என்றாள்.

கண்காணிப்பாளர் மறைப்பைச் சுற்றி வந்து பார்த்தார். "போன் கையில இருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் எதுவும் தரவில்லை. இன்சார்ஜும் கேட்கவில்லை.

கட்டம் போட்ட லுங்கிக்குப் பின்னால் சேகர் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தான். குளிக்க, சாப்பிட, வெளிக்குப் போக மட்டும் எழுந்தான், அந்த நேரம் இன்சார்ஜோ நர்ஸோ குழந்தையை வாங்கிக்கொள்வார்கள். குழந்தைக்கு டியூப் வழியாகப் பால். வேலூரில் இடம் காலியானதாகப் போன் வந்தபோது, எடை ஏறத் தொடங்கியிருந்ததால் இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டாவது நாளிலிருந்தே அந்தப் பெண்கள் மறைப்புக்கு இந்தப் பக்கமிருந்து, "அண்ணே, மூக்கு மூடாம இருக்குதா பாரு", "அண்ணே, தூங்கிடாத" என்று குரல் கொடுப்பார்கள். சேகரும் "இல்லக்கா, முழிச்சிக்கினுதான் கீறேன்" என்று பதில் சொல்வான்.

கௌரி பிழைத்து வந்தாள். முகம் வீங்கி, கால் வீங்கி, நிற்க முடியாமல் வந்தாள். குழந்தையை முதன்முதலாகப் பார்த்ததும் பயந்துவிட்டாள். இவ்வளவு சின்னதா, எனக்குத் தூக்க வராது என்று அழுதாள். நான் சொல்லிக்கொடுக்கலாம் என்று மறைப்பை விலக்கிக்கொண்டு போனேன். அதற்குள் சேகர் ஆரம்பித்திருந்தான்.

"இன்னாத்துக்கு அழுவுற? இங்க பாரு. காலு தவக்காள மாதிரி மடிச்சி வை. தல ஒரு பக்கமா. கழுத்து ரொம்ப மடங்கக் கூடாது, நிமிரவும் கூடாது. மூக்கப் பாத்துக்கினே இரு. அவன் ஒண்ணும் ஆவமாட்டான், கெட்டி."

நான் பயிற்சியில் சொல்வது அத்தனையும் அவன் வாயில் வந்தது, ஒரு வரி விடாமல். வந்த வழியே திரும்பிவிட்டேன். இத்தனை வருட சர்வீசில் என் மனம் முழுசாகக் குளிர்ந்த நாள் அது ஒன்றுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் மேடையிலேயே சொல்லியிருப்பேன். உங்களுக்கும் கைதட்ட வசதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சேகர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டான். மேஸ்திரி போன் போட்டுக்கொண்டே இருக்கிறாராம், திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வாராம். தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மேடம், தொட்டில எறங்கிட்டு வந்து, நல்லா குளிச்சிட்டு, இவன நெஞ்சுல வச்சிக்கலாமா? கௌரிக்கு இன்னும் தெம்பு இல்ல. பாதி நேரம் நான்தான் வச்சிக்கணும். அந்த மருந்து தோலுக்குள்ள நிக்குமா? இவனுக்குப் போவுமா? நீங்க படிச்சிருப்பீங்க."

அந்த வாரம் முழுக்க அவன் வேலைக்குப் போகாமல் இருந்ததால் தப்பித்த கேள்வி அது. இப்போது நேராக வந்து நின்றது. சும்மா, "நல்லா சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வச்சிக்கோப்பா" என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. பெரும்பாலும் அது சரியாகவே இருந்திருக்கும். ஆனால் நான் எது சொன்னாலும் அதை அவன் ஆராய்ச்சி சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வான். அவன் என்னை அப்படி நம்பிவிட்டிருந்தான்.

"தெரியாதுப்பா" என்றேன். "நாலு நாளா வேலைக்குப் போகாத ஒடம்புன்னால தைரியமா வச்சேன். தினமும் இறங்கறவனுக்கு என்னன்னு யாரும் பார்த்து எழுதல. எனக்குத் தெரியாது."

"சரி மேடம்" என்றான். "அப்போ நான் தொட்டில எறங்கல."

"நான் ஆபத்துன்னு சொல்லலப்பா. வேலையை விடுன்னும் சொல்லல."

"தெரியாதுன்னுதானே சொன்னீங்க மேடம். அது போதும்."

அவன் கேட்ட கேள்வியை எழுதி மேலே அனுப்பினேன். நல்ல கேள்வி, பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. ஓய்வு பெறும் வரை இரண்டு முறை நினைவூட்டினேன். எனக்கும் அலுத்துவிட்டது, அவர்களுக்கும் அலுத்துவிட்டது. உங்களில் யாருக்காவது அதற்குப் பதில் கிடைத்தால் என்னிடம் வர வேண்டாம். பேரணாம்பட்டுக்குப் போய் அவனிடம் சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்சார்ஜுக்கு மாற்றல் வந்திருந்தது. புகாரால் இல்லை, வழக்கமான மாற்றல் என்றார்கள். புதிதாக வந்தவர் தங்கமானவர், ஆனால் அப்பன்களை உள்ளே விட எழுத்தில் உத்தரவு கேட்டார். என்னிடம் இல்லை. மறைப்பு கட்டிய மூலையில் பழுதான வார்மரைத் தள்ளி வைத்திருந்தார்கள். குடியாத்தத்துப் பெண் லுங்கித் துணியை அவிழ்த்துத் துவைத்து வீட்டுக்கு எடுத்துப் போய் ரொம்ப நாளாகியிருக்கும்.

வெளியே தடுப்பூசி வரிசையில் சேகர் நின்றிருந்தான். மார்பில் துணியில் குழந்தை, கன்னம் உப்பியிருந்தது. அந்த எடைக்கு இனி நெஞ்சில் கட்டி வைக்கத் தேவையே இல்லை, ஆனாலும் கட்டியிருந்தான். கௌரி பக்கத்தில் நின்று சிரித்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மூட்டை தூக்குவதாகச் சொன்னான். கூலி கம்மி, தினமும் வேலை இருக்காது, கௌரி பீடி சுற்றுகிறாள் என்றான். கையைக் காட்டினான். விரல் வெடிப்பெல்லாம் ஆறியிருந்தது.

ஒரு நாற்காலியிலிருந்து கேஸ் ஷீட் கட்டை நகர்த்தி வைக்க நான் எத்தனை பேரிடம் எத்தனை ஆய்வுத் தாள்களைக் காட்டியிருக்கிறேன். அவனிடம் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எனக்குத் தெரியாது என்றேன், அவ்வளவுதான். அவன் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலை விட்டுவிட்டான்.